வானரக் குடலில் ஒரு காணா உலகம்

ஆபிரிக்காவிலே, கிளிமஞ்சாரோ மலையின் வடபுறத்து அடிவாரத்தில், அம்போசெலி என்னும் புல்வெளி பரந்து கிடக்கின்றது. கென்யா நாட்டுக்குரிய அவ்வெளியிலே சில ஆராய்ச்சியாளர்கள் பபூன் எனப்படும் பெருங் குரங்குகளின் பின்னே நாள் முழுவதும் நடந்து திரிவர். கையிலே குறிப்புப் புத்தகம். தோளிலே ஒரு பை. பையினுள்ளே கடதாசிக் கிண்ணமும், மரக் குச்சியும், மதுசாரம் நிரப்பிய சிறு குழாய்களும். குறித்த ஒரு குரங்கு மலங் கழித்துவிட்டு அப்பாற் சென்றதும், இவர்கள் அவ்விடத்துக்கு விரைந்து சென்று, அதிற் சிறிதளவை எடுத்துக் குழாயிலிட்டு, குரங்கின் பெயரையும் நாளையும் நேரத்தையும் எழுதிக்கொள்வர்.

இதைக் கேட்கும் நேயர்கள் நகைக்கக்கூடும். படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கு இதுவா தொழில் என்று பாட்டிமார் கேட்பதும் நியாயமே. ஆயினும் இவ்வாறு சேர்த்த குழாய்களிலிருந்து பிறந்த செய்தி, மனிதனின் வயிற்றைப் பற்றிய பல கொள்கைகளை மாற்றிவிட்டது. எங்ஙனம் மாற்றிற்று என்பதையும், அதற்கு ஆய்வுகூடத்தில் எத்தகைய வேலைகள் நடைபெறுகின்றன என்பதையுமே இங்கு கூற முற்படுகின்றோம்.

முதலில் ஒரு வார்த்தை. மனிதனும், வாலில்லாக் குரங்குகளும், வாலுள்ள குரங்குகளும், நம் காடுகளில் இரவில் விழித்திருக்கும் தேவாங்கும் விலங்கியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அவ்வரிசைக்குப் பிறைமேற்றுக்கள் என்று பெயர். இவை யாவற்றின் குடலிலும் கண்ணாற் காண இயலாத நுண்ணங்கிகள் பெருங் கூட்டமாக வாழ்கின்றன. மனிதன் ஒருவனின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் உள்ளன என்று 2016ஆம் ஆண்டு கணித்துள்ளனர். அவனுடைய சொந்தக் கலங்களின் தொகையும் அதற்கு அண்மையதே! பற்றீரியாக்களுடன் பங்கசுக்களும் அங்கே உண்டு. பழைய பாணிற் பூக்கும் பூஞ்சணமும், கள்ளிலும் அப்ப மாவிலும் பொங்கியெழும் மதுவமும் பங்கசு இனத்தனவே. குடலில் இவற்றின் தொகை பற்றீரியாவை நோக்க மிகச் சிறிது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்று சொல்வதும் மிகையாகலாம். ஆனாற் பங்கசின் கலம் பற்றீரியாவிலும் பன்மடங்கு பெரியது.

இந்தக் குடியிருப்பாளரால் உடலுக்கு என்ன பயன்? இலையிலும் தண்டிலும் உள்ள நாரை உடைக்கும் நொதியத்தை எந்தக் குரங்கும் தன் உடலிற் சுரப்பதில்லை. மனிதனும் அவ்வாறே. குடலிலுள்ள நுண்ணங்கிகளே அந்நாரைப் புளிக்கச் செய்து, உடல் உறிஞ்சத்தக்க சிறு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. இலை தின்னும் குரங்கொன்றின் குடலிலிருந்து அவற்றை முற்றாக அகற்றினால், இலை நிறைந்த காட்டிலே அது பட்டினி கிடக்க நேரிடும்.

விழுந்த கணம் முதல்

ஆய்வுகூட வேலை ஆய்வுகூடத்திலே தொடங்குவதில்லை, காட்டிலே தொடங்குகின்றது. மலம் நிலத்தில் விழுந்த கணத்திலிருந்து அதன் உள்ளிருக்கும் உயிர்க்கூட்டம் மாறத் தொடங்கிவிடும். குடலிலே ஒட்சிசன் இல்லை. அங்கு வாழும் பற்றீரியாக்களிற் பெரும்பாலானவற்றுக்குக் காற்றே நஞ்சு. காற்றுப் பட்டதும் அவை மடிய, காற்றை விரும்புபவை பெருகும். மண்ணிலுள்ள பங்கசு வித்திகள் வந்து ஒட்டும். ஈக்களும் வண்டுகளும் தம் பங்குக்குக் கொண்டு வந்து சேர்க்கும். ஆகையால் சில நிமிட நேரத்துக்குள், மண் படாத உட்பகுதியிலிருந்து மாதிரியை எடுத்தல் வேண்டும். எடுப்பவர் கையுறையும் முகமூடியும் அணிந்திருத்தல் அவசியம். குரங்கின் நோய் மனிதனுக்குத் தொற்றலாம் என்பது ஒரு காரணம். மனிதனின் தடிமன் சிம்பன்சிக்குத் தொற்றினால் அது மரணத்தில் முடிவதும் உண்டு என்பது மற்றொன்று.

எடுத்ததை எப்படிக் காப்பது? சுழியத்துக்குக் கீழே 80 பாகைக் குளிரில் உறைய வைத்தலே மிகச் சிறந்த வழி. ஆனால் யானையும் சிங்கமும் உலவும் வெளியிலே குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவது? எனவே மதுசாரத்தில் இடுகின்றனர். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. நூற்றுக்கு 95 பங்கு செறிவுள்ள மதுசாரம் மாதிரியை நன்கு காக்கின்றது. 70 பங்கு செறிவுள்ளதோ அவ்வளவு நம்பத்தக்கதன்று என்று 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஒப்பீடு காட்டிற்று. காயத்தைத் துடைப்பதற்கு 70 பங்கே மேலானது என்று தாதிமார் சொல்வர், அதுவும் சரியே. கொல்வதற்கு ஏற்றது ஒன்று, காப்பதற்கு ஏற்றது வேறொன்று. அம்போசெலி மாதிரிகள் பின்னர் நைரோபிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, உறைநிலையிலே நீர் அகற்றப்பட்டு, நார் போகச் சலிக்கப்பட்டு, மாத்தூள் போன்ற பொடியாகிக் கடுங் குளிரிற் பேணப்படுகின்றன.

சமையலறை தந்த கொடை

நுண்ணங்கியை அறிவதற்கு மிகப் பழைய வழி அதனை வளர்த்துப் பார்த்தல். பற்றீரியாவுக்கு வேண்டிய உணவை ஒரு தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு, அதன் மேல் மாதிரியைத் தடவி விட்டால், ஒவ்வொரு நுண்ணங்கியும் பெருகித் தனித்தனிப் புள்ளியாகத் தோன்றும். இதற்கு உணவு திண்மமாக இருத்தல் வேண்டும். ஜெர்மனி நாட்டிலே றொபேட் கொக் என்னும் பேரறிஞர் முதலில் விலங்கெலும்பிலிருந்து எடுக்கும் ஜெலற்றீனைப் பயன்படுத்தினார். வெப்பம் சற்றே ஏறினால் அது உருகிவிடும். போதாக்குறைக்குச் சில பற்றீரியாக்கள் அதனையே தின்று கரைத்துவிடும்.

கொக்கின் ஆய்வுகூடத்திலே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸ என்பவரின் மனைவி ஃபன்னி இவ்விடரைத் தீர்த்து வைத்தார். வெய்யிற் காலத்திலும் உருகாத இனிப்புக் களி செய்வதற்குத் தாம் கடற்பாசியைப் பயன்படுத்துவதாகவும், அதனையே முயன்று பார்க்கலாம் என்றும் 1881ஆம் ஆண்டளவில் அவர் கணவருக்குச் சொன்னார். யாவாத் தீவில் வாழ்ந்துவந்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து அவர் கற்ற பாகம் அது. ஏகார் என விஞ்ஞானிகள் கூறும் அப்பொருள் கொதிநீரிற் கரையும். 40 பாகைக்குக் கீழே உறையும். உறைந்தபின் 85 பாகை வரை இளகாது. பற்றீரியாக்களிற் பெரும்பாலானவை அதனைத் தொடவும் மாட்டா. இன்றும் உலகிலுள்ள ஆய்வுகூடம் ஒவ்வொன்றிலும் ஏகார் இல்லாமல் வேலை நடவாது. கொக் தம் கட்டுரையிலே ஏகாரைக் குறிப்பிட்டார். அதனை அறிவித்த பெண்மணியைக் குறிப்பிடவில்லை. இது நமக்கு உவப்பான செய்தியன்று.

நோன்பு துறக்கும் வேளையிலே நம் முஸ்லிம் அன்பர்களின் இல்லங்களிற் பாலும் சீனியுஞ் சேர்த்துப் பரிமாறும் கடற்பாசி இந்தப் பொருளே. நமது கரையோரக் களப்புகளில் வளரும் ஒரு பாசியினத்துக்கு இலங்கைப் பாசி என்றே ஆங்கிலேயர் பெயரிட்டிருந்தனர் என்பதையும் சொல்லி வைக்கின்றோம்.

ஆயினும் காற்றே நஞ்சாகவுள்ள குடற் பற்றீரியாவைத் திறந்த கிண்ணத்தில் வளர்த்தல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்டவர் அமெரிக்கரான றொபேட் ஹங்கேற். அவர் முதலில் ஆராய்ந்தது கறையானின் குடல். பின்னர் மாட்டின் இரைப்பை. சூடேற்றிய செம்பின் மேலாகக் காபனீரொட்சைட்டைச் செலுத்தினால், அதிற் கலந்துள்ள ஒட்சிசன் செம்புடன் கூடி நீங்கிவிடும். அவ்வாறு தூய்மையாக்கிய வாயுவைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, இளகிய ஏகாரை அதனுள் இட்டு, இறப்பர் அடைப்பானால் இறுக மூடி, குளிர்ந்த நீரிற் குழாயை உருட்டினார். ஏகார் குழாயின் உட்சுவரிலே மெல்லிய தோலாகப் படிந்து உறைந்தது. பற்றீரியாக்கள் அத்தோலில் வளர்ந்தன. 1950ஆம் ஆண்டில் அவர் விவரித்த இந்த உருட்டுக் குழாய் முறை மலிவானது. பெருங் கருவிகள் வேண்டாதது. இப்பொழுது வசதியுள்ள இடங்களிலே ஒட்சிசன் இல்லாத பெரிய பெட்டியொன்றைப் பயன்படுத்துகின்றனர். நைதரசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு ஆகிய வாயுக்களின் கலவை அதனுள்ளே நிறைந்திருக்கும். பெட்டியின் முகப்பிலே பொருத்திய நீண்ட கையுறைகளுக்குள் கையை விட்டு, உள்ளே உள்ளதைத் தொடாமலே தொட்டு வேலை செய்வர்.

பங்கசுக்கு வேறு கிண்ணம் வேண்டும். சபுரோ என்னும் பிரெஞ்சுத் தோல் வைத்தியரின் பெயரால் வழங்கும் ஊடகம் சற்றே புளிப்பானது; சீனி மிகுந்தது. பற்றீரியாக்கள் முந்திக்கொள்ளாதவாறு குளோரம்பெனிக்கோல் போன்ற மருந்தை அதிற் கலந்துவிடுவர். அம்மருந்து பற்றீரியாவை அடக்கும். பங்கசை ஒன்றுஞ் செய்யாது. சில நாள் பொறுத்திருந்தால் வெண்ணெய்த் துளிகள் போல மதுவங்களும், பஞ்சு போலப் பூஞ்சணங்களும் தோன்றும்.

அறுபது ஆண்டு மறைந்திருந்த பங்கசு

பங்கசுக்கள் யாவும் ஒட்சிசன் வேண்டுபவை என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பியிருந்தனர். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே, அஃதாவது 1910ஐ அடுத்த ஆண்டுகளில், ஆடுமாடுகளின் இரைப்பை நீரிலே சவுக்கு முளையால் நீந்தும் சிற்றுயிர்கள் சிலவற்றை நுணுக்குக்காட்டியாற் கண்டு, அவற்றை ஒருகல விலங்குகள் எனப் பதிந்துவிட்டனர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பதிவை எவரும் ஐயுறவில்லை. இங்கிலாந்திலே கொலின் ஓப்பின் என்பவர் 1975இல் செம்மறியாட்டின் இரைப்பையை ஆராய்ந்தபோது, நீந்துவது முழு உயிரன்று, பங்கசொன்றின் வித்தியே அது எனக் கண்டார். வித்தி புல்லின் துண்டில் ஒட்டி, வேர் போன்ற இழைகளை உள்ளே செலுத்தி, நாரைப் பிளந்துகொண்டு வளர்ந்தது. அதன் கலச்சுவரிற் கைற்றின் இருந்தது. இறாலின் ஓட்டிலும் பங்கசின் சுவரிலும் உள்ள பொருள் அது. ஒருகல விலங்கென்னும் எண்ணம் அத்துடன் ஒழிந்தது.

புல் மேயும் விலங்குகளுக்கு மட்டும் உரியவை எனக் கருதப்பட்ட இந்தப் பங்கசு வகுப்பின் அடையாளத்தைக் கொரில்லாவின் மலத்திலும் கண்டதாக 2018இல் செய்தி வெளிவந்தது. கொரில்லா நார் மிகுந்த தண்டையும் இலையையும் மூட்டை மூட்டையாகத் தின்பது. அதற்கு அத்தகைய உதவியாளர் இருப்பதில் வியப்பில்லை. எனினும் கிண்ணத்தை மாத்திரம் நம்பியிருந்தால் அவற்றை எளிதிற் கண்டிருக்க முடியாது. உலகிலே எவ்வளவு திறமையாக வளர்க்க முயன்றாலும் குடல் நுண்ணங்கிகளில் ஒரு பெரும் பகுதி வளர மறுக்கின்றது. 2012இல் ஒரு பிரெஞ்சு ஆய்வுக் குழுவினர் மனித மலத்தை 212 வகையான வளர்ப்பு முறைகளில் வைத்துப் பார்த்தனர்! அத்தகைய பொறுமை எல்லோர்க்கும் வாய்ப்பதன்று.

எழுத்தைப் படித்தல்

வளராத உயிரையும் அறிய உதவுவது அதன் டீ.என்.ஏ. ஒவ்வோர் உயிரின் கலத்திலும் அதன் பரம்பரைச் செய்தி நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கின்றது. பற்றீரியாக்கள் யாவற்றிலும் புரதம் செய்யும் உறுப்புக்கு உரிய பரம்பரை அலகொன்று உண்டு. பதினாறு எஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அது ஏறத்தாழ 1,500 எழுத்து நீளமுடையது. அதிற் சில பகுதிகள் எல்லாப் பற்றீரியாக்களிலும் ஒன்றாகவே உள்ளன. இடையிடையே ஒன்பது பகுதிகள் இனத்துக்கினம் வேறுபடுகின்றன. மாறாத பகுதி பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. மாறும் பகுதி பெயர்ப்பலகை. காள் வூஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இந்த எழுத்தை ஒப்பிட்டே 1977இல் பற்றீரியா என எண்ணியிருந்த ஒரு கூட்டம் வேறொரு பேரினம் என நிறுவினார். பங்கசுக்கு இவ்வாறே வேறொரு பெயர்ப்பலகை உண்டு. ஐ.டி.எஸ். எனப்படும் அப்பகுதியைப் பங்கசுகளின் பொது அடையாளமாக 2012இல் ஏற்றுக்கொண்டனர்.

படிப்பதற்கு முன் கலத்தை உடைத்து எழுத்தை வெளியில் எடுக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகின்றனர். சில பற்றீரியாக்களின் சுவர் மெல்லியது; சவர்க்கார நீர் பட்டாலே கிழியும். வேறு சிலவற்றின் சுவர் தடித்தது. பங்கசின் கைற்றின் சுவரோ கோட்டைச் சுவர். மென்மையாக வேலை செய்தால் மெல்லிய சுவருள்ளவை மட்டும் வெளிப்பட, குடலிலே பங்கசே இல்லை என்று அறிக்கை எழுத நேரிடும். ஆதலாற் சிறு கண்ணாடி மணிகளை மாதிரியுடன் குழாயில் இட்டு, பொறியினால் வேகமாகக் குலுக்கி இடிக்கின்றனர். உரலில் அரிசி இடிப்பதற்கு ஒப்பான வேலை. குறைய இடித்தாற் சுவர் உடையாது; மிஞ்சி இடித்தால் எழுத்தே நொருங்கிவிடும். குரங்குகள் தின்னும் இலைகளில் உள்ள துவர்ப்புப் பொருளும் உடன் வந்து பின்னைய வேலைக்குத் தடை செய்யும். அதனைக் கழுவி நீக்குதல் வேண்டும்.

கிடைத்த எழுத்தோ மிகச் சிறிது. அதனைப் பெருக்கும் முறையைக் கேரி முல்லிஸ் 1983இல் கண்டுபிடித்து, 1993இல் நோபெற் பரிசு பெற்றார். டீ.என்.ஏயைச் சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். ஆற்றினாற் கைப்பிடியில் ஒரு சிறு துண்டு ஒட்டும். பின்னர் ஒரு நொதியம் அத்துண்டை நீட்டிப் புதிய இழை செய்யும். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும். கொதிநிலைக்கு அண்மையான வெப்பத்தையும் தாங்கும் அந்நொதியம், அமெரிக்காவின் யெலோஸ்ரோன் வெந்நீர் ஊற்றில் 1966இல் கண்டெடுத்த ஒரு பற்றீரியாவிலிருந்து வந்தது.

பெருக்குதலிலும் நேர்மையின்மை உண்டு. பங்கசின் பெயர்ப்பலகை இனத்துக்கினம் நீளத்தில் வேறுபடும். குட்டையானது விரைவாகப் பெருகும், நெட்டையானது பின்தங்கும். ஒரு மதுவக் கலத்திலே அப்பெயர்ப்பலகை நூறு படிகளுக்கு மேல் இருக்க, வேறொன்றிற் சிலவே இருக்கலாம். ஆகவே எழுத்து மிகுதியாகக் கிடைத்தது என்பதால் அவ்வுயிரும் மிகுதி என்று சொல்லிவிடல் ஆகாது.

இதனிலும் பெரிய இடர் அழுக்கு. ஆய்வுகூடத்திலே வாங்கும் இரசாயன நீரிலும், குழாயிலும், வேலை செய்வோரின் தோலிலும் பற்றீரிய எழுத்து ஒட்டியிருக்கின்றது. 2014இல் ஆய்வாளர் சிலர் ஓர் அருமையான சோதனை செய்தனர். ஒரே இனப் பற்றீரியாவை மட்டும் கொண்ட தூய நீரைப் பத்துப் பத்து மடங்காக ஐதாக்கி, வெவ்வேறு ஆய்வுகூடங்களிற் படித்தனர். செறிந்த நீரில் அவ்வினம் ஒன்றே தெரிந்தது. ஐதாக ஐதாக, இல்லாத இனங்கள் பல முளைத்தன. ஈற்றில் உள்ளதிலும் இல்லாததே மிகுந்து நின்றது! எல்லாம் இரசாயனப் பொதியிலிருந்து வந்த அழுக்கு. குடலிலே பங்கசு மிகச் சிறிது என்று மேலே சொன்னோம். ஆகையால் இச்சோதனை பங்கசு ஆராய்வோருக்கு ஒரு பெரிய எச்சரிக்கை. இப்பொழுது மாதிரியே இல்லாத வெறுங் குழாயையும் எல்லாப் படிகளிலும் உடன் கொண்டு செல்கின்றனர். வெறுங் குழாயில் எது தெரிகின்றதோ அதைக் கணக்கிற் கழித்துவிடுவர். வெறுங் குழாய் வைக்காத ஆராய்ச்சியை நாம் நம்புவதற்கில்லை.

பேன் பார்க்கும் நட்பு

அம்போசெலிக்கு மீளுவோம். ஜீன் ஆல்ற்மன், ஸ்ருவேட் ஆல்ற்மன் என்னும் தம்பதியர் 1971இல் தொடங்கிய ஆராய்ச்சி அங்கே தொடர்ந்து நடந்து வருகின்றது. எந்தக் குரங்கு எதன் பிள்ளை, எது எதனுடன் அமர்ந்து பேன் பார்த்தது, எது என்ன தின்றது என்பன யாவும் தலைமுறை தலைமுறையாக ஏட்டிற் பதியப்பட்டுள்ளன. நம்மிற் பலருக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயரும் தெரியாத காலத்தில், அக்குரங்குகளுக்கு வம்சாவளி உண்டு.

2015இல் வெளியான ஆராய்ச்சியொன்றிலே, இரு கூட்டங்களைச் சேர்ந்த 48 பபூன்களின் மலத்திலிருந்த டீ.என்.ஏ முழுவதையும் படித்தனர். ஒரே கூட்டத்தவை ஒத்த பற்றீரியாக்களைக் கொண்டிருந்தன. ஒரே உணவும் ஒரே நீரும் காரணமாகலாம் என்பர். ஆனால் உணவு, உறவு ஆகியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும், அடிக்கடி ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பவை பற்றீரியாவிலும் ஒத்திருந்தன. அவ்வாறு பகிரப்பட்டவை எவை எனப் பார்த்தால், காற்றைத் தாங்காதனவும் வித்தி உண்டாக்காதனவுமே அவற்றுள் மிகுந்திருந்தன. நிலத்திற் கிடந்து பரவும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. உடலோடு உடல் நெருங்கினாலன்றி அவை இடம் மாறுதல் அரிது. ஹங்கேற் குழாயை அடைத்து வைத்த காரணமும் இக்குரங்குகளின் நட்பும் இங்கே வந்து ஒன்று சேருகின்றன.

அடுத்து எழுந்த வினா, இந்தக் கூட்டம் பரம்பரையாக வருவதா, சூழலால் அமைவதா என்பது. மனிதரில் ஆராய்ந்தவர்கள், பரம்பரையின் பங்கு குடற் பற்றீரியாக்களிற் சிலவற்றிலே மட்டும் தெரிகின்றது என்றே கூறி வந்தனர். பெரும்பாலும் அவர்கள் ஓர் ஆளுக்கு ஒரு மாதிரி மட்டுமே பார்த்தவர்கள். அம்போசெலியிலோ 14 ஆண்டுக் காலத்தில் 585 பபூன்களிடமிருந்து சேர்த்த 16,234 மாதிரிகள் இருந்தன. அவற்றைப் படித்து 2021இல் வெளியிட்ட முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. ஆராய்ந்த இயல்புகளில் நூற்றுக்கு 97 பங்கிலே பரம்பரையின் கை தென்பட்டது. ஒவ்வொன்றிலும் அதன் அளவு சிறிதே. ஆனால் எங்கும் பரந்திருந்தது. அதுவும் நிலையானதன்று: மழைக் காலத்திலும் வறட்சிக் காலத்திலே மிகுந்தது, வயது ஏற ஏற வளர்ந்தது. ஒரு நாள் மாதிரியை மட்டும் பார்த்தவர்க்கு இது அகப்படாமற் போனதில் வியப்பென்ன? ஒரு நாள் கறியை ருசித்து ஒரு வீட்டுச் சமையலை எடைபோட முடியுமா?

தங்குபவரும் வழிப்போக்கரும்

பங்கசைப் பற்றி இன்னொரு வழக்கு உண்டு. மலத்திலே ஒரு பங்கசின் எழுத்தைக் கண்டால், அது குடலிற் குடியிருப்பதா, அன்றித் தின்ற பழத்தின் தோலில் ஒட்டியிருந்து வழியோடு போனதா? 2018இல் மனிதரிடத்திற் செய்த சோதனையொன்று நேயர்களுக்குச் சுவை தரும். பாணிலும் மதுவிலும் உள்ள மதுவத்தை உணவிலிருந்து நீக்கியதும், அது மலத்திலிருந்தும் மறைந்தது. கன்டிடா என்னும் மற்றொரு பங்கசோ, பற்களை நன்றாகத் துலக்கத் துலக்கக் குறைந்தது! குடலிலே வாழ்வதாக நினைத்தது வாயிலிருந்து வந்து போகும் வழிப்போக்கன்.

குரங்குக்கு உணவைத் தெரிந்து கொடுக்கவும் முடியாது. பல் துலக்கவும் முடியாது. அதனால் வேறு உபாயங்களைக் கையாளுகின்றனர். ஒரே விலங்கைப் பல நாள் தொடர்ந்து பார்ப்பர். அது தின்ற பழத்தையும் இலையையும் உடன் எடுத்துப் படித்து ஒப்பிடுவர். உடல் வெப்பத்திலே, ஒட்சிசன் இன்றி, அப்பங்கசு வளரக்கூடியதா என்று கிண்ணத்திற் சோதிப்பர். குடலின் வெப்பத்தில் வளராதது குடலிற் குடியிருக்க மாட்டாது. கைவிட்டுவிட்டதாகக் கருதிய பழைய கிண்ணம் இவ்விடத்தில் மீண்டும் தேவைப்படுகின்றது. காட்டுக் குரங்குகளையும், கூட்டிலுள்ளவற்றையும், மத்திய ஆபிரிக்காவில் வேட்டையாடி வாழும் பாஆக்கா மக்களையும், அவர்களின் அயலிலுள்ள பந்து உழவர்களையும், அமெரிக்கரையும் பங்கசு, பற்றீரியா ஆகிய இரண்டினாலும் ஒப்பிட்ட ஆராய்ச்சி 2022இல் வெளிவந்தது. வாழிடமும் சீவனோபாயமும் இவ்விரு கூட்டங்களின் உறவையே மாற்றிவிடுகின்றன என்பது அதிலிருந்து தெரிகின்றது.

கூட்டிலே இழந்தது

இவ்வளவு உழைப்பும் எதற்கு என்போர்க்கு வியட்நாம் நாட்டின் டூக் குரங்கைக் காட்டலாம். செங்கால் டூக் இலை தின்னும் இனம்; பேரழகு வாய்ந்தது; காட்டில் அருகி வருவது. அதனை மிருகக்காட்சிச்சாலைகளில் வளர்த்துக் காப்பாற்ற முயன்றபோது, வயிற்று நோய்களால் அது அல்லற்பட்டது. இலை கொடுத்தார்கள், காய் கொடுத்தார்கள்; ஆயினும் பயன் குறைவு. டா நாங் நகருக்கு அண்மையிலுள்ள சோன் ட்ரா காட்டிலே வாழும் டூக்குகளின் மலத்தையும், சரணாலயமொன்றில் உள்ளவற்றினதையும், மிருகக்காட்சிச்சாலைகளில் உள்ளவற்றினதையும் படித்து ஒப்பிட்டு 2016இல் அறிக்கை வெளியிட்டனர். காட்டிலிருந்து சரணாலயத்துக்கும், அங்கிருந்து கூட்டுக்கும் வருகையிலே இயற்கையான பற்றீரியாக்கள் படிப்படியாகக் குறைந்து போயிருந்தன. அவற்றுக்குப் பதிலாகக் கூட்டுக் குரங்கின் குடலிற் குடியேறியிருந்தவை இக்கால மனிதனின் குடலில் ஆட்சி செய்யும் இனங்கள். வேறொரு கண்டத்தைச் சேர்ந்த ஹவ்லர் குரங்கும் கூட்டிலே இதே வழியிற் சென்றிருந்தது. இரண்டுக்கும் கூடு ஒன்றே; குடலும் ஒன்றாயிற்று.

அதே எழுத்துக்களிடையே ஆய்வாளர் மற்றொன்றையும் கண்டனர். பற்றீரியாவின் பெயர்ப்பலகையைத் தேடும்போது, தின்ற இலைகளின் பச்சையத்திலுள்ள எழுத்தும் தானாகவே வந்து அகப்படும். வழமையாக அதனைக் குப்பையென ஒதுக்கிவிடுவர். இவர்கள் ஒதுக்காமல் எண்ணிப் பார்த்தனர். காட்டுக் குரங்கினதில் அது மிகுதி. கூட்டுக் குரங்கினதில் மிகச் சொற்பம். கூட்டிலே எவ்வளவு இலை உள்ளே போயிற்று என்பதற்கு மலமே சாட்சி சொல்லிவிட்டது.

டூக்கின் உறவினம் நம் நாட்டிலும் உண்டு. கோயில் மதில்களிலும் பழைய குளக்கட்டு மரங்களிலும் கூட்டமாக அமர்ந்திருக்கும் கருமுகச் சாம்பல் மந்தியும், ஈரவலயக் காடுகளில் வாழும் ஊதாமுக மந்தியும் அக்குடும்பத்தனவே. இவற்றின் இரைப்பை பல அறைகளாக வகுக்கப்பட்டிருக்கின்றது. மாட்டின் வயிற்றைப் போல, இலை முதலில் முன்னறையிலே பற்றீரியாக்களாற் புளிக்க வைக்கப்பட்டு, அதன் பின்னரே உடலாற் செரிக்கப்படுகின்றது. மலத்தை ஆராயும் முறை இங்கே தன் எல்லையைத் தொட்டுவிடுகின்றது. முன்னறையில் வாழ்ந்தவை பெரும்பாலும் வழியிலேயே செரித்துப் போக, மலத்தில் வருவது கடைசிக் குடலின் கூட்டமே. முன்னறையின் நீரை உயிருள்ள காட்டு மந்தியிடமிருந்து தீங்கின்றிப் பெறுவது எளிதன்று. ஆதலால் மிருக வைத்தியர் சிகிச்சைக்காக மயக்கும் வேளையையோ, விபத்தில் இறந்த மந்தியின் உடலையோதான் ஆய்வாளர் எதிர்பார்க்க வேண்டியிருக்கின்றது. இறந்த உடலாயின், சில மணி நேரத்துக்குள் அந்நீரை எடுத்து, காற்றுப் படாத குழாயிலே அடைத்தாக வேண்டும்.